எரியாத விளக்கையும் நம்பாதவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "எம்பேரு எதுக்கு அங்க?" என்று கேட்பார். முதல் சந்திப்பிலேயே அப்படித்தான் கேட்டார். பேனலை யாரிடம் ஒப்படைத்தேன் என்று தாளில் எழுதுவதற்காகப் பெயர் கேட்டேன். "பேனல எறக்கிட்டீக, நானும் பாத்துக்கிட்டேன். பேர வச்சு என்ன பண்ணப் போறீக?" என்றார். ஆலையில் எல்லோரும் அவரை ஒயர்மேன் அண்ணே என்றார்கள். நானும் தாளில் 'ஒயர்மேன்' என்றே எழுதினேன். அதையும் கையில் வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

உசிலம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மாட்டுத்தீவன ஆலை அது. மக்காச்சோளம், தவிடு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு எல்லாம் தனித்தனித் தொட்டிகளிலிருந்து எடை பார்த்து இறங்கி ஒரு பெரிய மிக்சருக்குள் விழும். மேலிருந்து மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, வந்து விழும். மிக்சருக்குள் இரும்புத் தகடுகள் சுற்றிச் சுற்றிக் கலக்கும். எந்த நேரத்தில் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் பேனலைக் கட்டிக் கொடுத்தவன் நான். பட்டறை பழங்காநத்தத்தில், வீடு கோச்சடையில். என் வாழ்க்கையில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவே டூவீலரில் போயிற்று.

பேனலுக்குள் பிஎல்சி என்று ஒரு பெட்டி இருக்கும். யோசிப்பதெல்லாம் அதுதான். ஆனால் யோசித்ததை வெளியே சொல்ல அதற்கு ஒரு அவுட்புட் கார்டு வேண்டும். நான் போட்ட கார்டில் எட்டு வழிகள். ஒவ்வொரு வழிக்குள்ளும் ஒரு சின்ன ரிலே, அதாவது இரண்டு உலோகத் துண்டுகள். பிஎல்சி சொன்னால் ஒட்டும், கரண்டு போகும். வேண்டாமென்றால் விலகும், கரண்டு நிற்கும். வெளியே ஒவ்வொரு வழிக்கும் கடுகளவு பச்சை விளக்கு. மூன்றாவது விளக்கு எரிந்தால் மிக்சர் ஓடுகிறது, அணைந்தால் நிற்கிறது. என்னைப் போலப் பேனல் கட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் பிழைப்பு நடத்துகிறோம். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"எரியுதுல்ல அண்ணே, அப்புறம் என்ன?" என்றேன்.

"கார்டு 'நான் குடுத்துட்டேன்'ங்குது. வாங்குனவன்ட்ட கேக்க வேணாமா?" என்றார்.

கேட்கவும் செய்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு குண்டு பல்பை எடுத்தார். ஹோல்டரும் இரண்டு ஒயருமாக அதுதான் அவருடைய டெஸ்ட் லேம்பு. எட்டு வழிகளிலும் அதை வைத்து எரிகிறதா என்று பார்த்தார். பிறகு எட்டிலும் அணைகிறதா என்று பார்த்தார். எரிகிறதா என்று பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அணைகிறதா என்று அத்தனை நேரம் உட்கார்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. போதாததற்கு ஒரு கேள்வி வேறு.

"அம்புட்டுப் பெரிய மோட்டார் சுவிட்சுக்கு நேரா கார்டுல இருந்தே ஒயர் இழுத்திருக்கீகளே. நடுவுல தனியா ஒரு ரிலே போட மாட்டீகளா?"

"பெட்டியில எடம் இல்லண்ணே. இதே தாங்கும்."

"யாரு சொன்னது?"

"நாஞ் சொல்றேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மனிதர் கார்டிடம் மட்டும் இப்படி இல்லை. பஸ்ஸில் ஏறும்போது போர்டைப் படிப்பார், கண்டக்டரிடம் கேட்பார். உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளிடம் "நீங்க எங்க போறீக?" என்று விசாரித்து, அவரும் உசிலம்பட்டிக்குத்தான் போகிறார் என்று தெரிந்த பின்பே பையை மடியிலிருந்து கீழே வைப்பார். கல்யாணப் பந்தியில் உட்காருவதற்கு முன் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனின் கொக்கியை அண்ணாந்து பார்ப்பார். ஒருமுறை நான்கு பேரை இலையோடு எழுப்பி இடம் மாற்றினார் என்று கேள்வி. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ கேட்டால் நாமெல்லாம் ஒரு வாய் குடித்துப் பார்ப்போம். அவர் டீ மாஸ்டரைக் குடித்துப் பார்க்கச் சொல்வார்.

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். பட்டறையில் இருக்கும் என் தம்பியோடு போனில் எங்கள் பாஷையில் பேசினால் அவர் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார்.

"என்னயப் பத்தி என்ன சொன்னீக?"

"உங்களப் பத்தி இல்லண்ணே. ஸ்க்ரூ தீந்துபோச்சாம், வாங்கச் சொன்னேன்."

"ஸ்க்ரூன்னு ஒரு தடவகூட வரலயே."

வந்திருக்க வேண்டும். ஸ்க்ரூவுக்கு எங்கள் பாஷையிலும் ஸ்க்ரூதான். உண்மையில் அவரைப் பற்றித்தான் பேசியிருந்தேன்.

எதனால் இப்படி ஆனார் என்று தெரிந்துகொள்ள நானும் துருவிப் பார்த்தேன். ஏதாவது விபத்து, ஏதாவது துரோகம் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. மிக்சரைச் சுத்தம் செய்யும் பேச்சியம்மாள் அவர் ஊர்க்காரர். "அவுக ஐயாவும் அப்பிடித்தேன். மாட்டக் கட்டிட்டு நாலு தடவ முளக்குச்சிய ஆட்டிப் பாப்பாராம். மாடே சலிச்சுப்போயிரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொலாசஸ் ஊற்றிக் கலந்த தீவனம் மிக்சரின் உள்சுவரில் அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். அதைச் சுரண்டி எடுக்க ஆள் உள்ளே இறங்க வேண்டும். மேலே இருக்கும் மூடி வழியாக இறங்க மெலிந்த உடம்பு வேண்டும். பேச்சியம்மாளுக்கு அது இருந்தது. ஆனால் அதற்காக மிக்சரை நிறுத்த மேனேஜர் சம்மதிக்க மாட்டார். எனவே அந்த ஆலையில் ஒரு வழக்கம். கரண்டு போனால் பேச்சியம்மாள் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். கரண்டுதான் இல்லையே, எது ஓடப் போகிறது என்று எண்ணம். கரண்டு திரும்ப வந்தால்?

அதற்குத்தான் நான் உத்தரவாதம் கொடுத்திருந்தேன். பேனல் ஓடத் தொடங்கிய நாளில் மேனேஜரையும் பேச்சியம்மாளையும் பக்கத்தில் நிற்க வைத்து என் வாயால் சொன்னேன். "கரண்டு வந்தாலும் தானா ஓடாது. யாராச்சும் பச்சைப் பட்டன அமுக்கினாத்தான் ஓடும். மூடி தெறந்திருந்தா அமுக்கினாலும் ஓடாது. எல்லாம் புரோகிராம்ல போட்டிருக்கேன். தாராளமா எறங்குங்க." அப்போது ஒயர்மேன் பின்னால் நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு மேனேஜரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. கரண்டு போய் வந்த பிறகு மிக்சர் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறதாம். பச்சைப் பட்டனை அழுத்தினால் கார்டில் மூன்றாவது விளக்கு எரிகிறது, மோட்டார் அசையவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிறது. நான் அடித்துப் பிடித்துப் போய்ச் சேரும்போது மிக்சர் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். ஒயர்மேன், "தெரியல சார், நீங்களே பாருங்க" என்று நகர்ந்துவிடுவார்.

கார்டை மாற்றினேன். திரும்பவும் அதே கதை. புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா பேனலக் கழட்டி ரோட்டுல வச்சிருவேன் தம்பி. நம்ம ஆளுக எல்லார்ட்டயும் சொல்லிருவேன்" என்றார் மேனேஜர். அவர் சொன்னால் எடுபடும். இந்தப் பக்கத்து ஆலைக்காரர்கள் ஒருவர் வாயைப் பார்த்து ஒருவர் வேலை கொடுப்பவர்கள். அப்புறம் என் பட்டறை நின்றுவிடும்.

கார்டை மாற்றிய அன்று, கழற்றிய பழையதைப் பையில் வைக்கும்போது ஒயர்மேன் கை நீட்டினார். "அத இங்க குடுத்துட்டுப் போங்களேன்."

"எதுக்கு?"

"உள்ள தெறந்து பாக்கத்தேன்."

கொடுக்கவில்லை. எதற்குக் கேட்கிறார்? கப்பலூரில் எனக்குப் போட்டியாக ஒருவர் பேனல் கட்டுகிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டவா? அன்றுதான் எனக்குள் அது பற்றிக்கொண்டது. முதல் நாளிலிருந்தே என் பேனல் இவருக்கு ஆகவில்லை. கரண்டு போகும்போதெல்லாம் பேனல் பக்கத்தில் நிற்பவர் இவர். கோளாறு தானாகச் சரியாகிறது என்றால் யாரோ சரிசெய்கிறார்கள். யாரோ சரிசெய்கிறார்கள் என்றால் அதே ஆள்தான் கெடுக்கவும் செய்கிறார். நான் சாதாரணமாக யாரையும் சந்தேகப்படுகிறவன் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அது பொய் என்று அந்த வாரம் தெரிந்தது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் பகுதியில் கரண்டை நிறுத்தும் நாள் ஒன்று வந்தது. யாருக்கும் சொல்லாமல் காலையிலேயே போய், தவிட்டு மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மூக்கில் தவிடு ஏறித் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன். கரண்டு போயிற்று. பேச்சியம்மாள் சுரண்டியோடு மிக்சர் ஏணியில் ஏறினார். ஒயர்மேன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பேனலைத் திறந்தார். கை உள்ளே போயிற்று, எதையோ உருவியது, சட்டைப் பைக்குள் போயிற்று.

"பிடிச்சிட்டேன்!" என்று கத்தியே விட்டேன். மேனேஜர் ஓடி வந்தார். "சட்டப் பையில என்ன இருக்குன்னு கேளுங்க சார்!"

ஒயர்மேன் மறுக்கவில்லை. மெதுவாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் அளவுக்கு ஒரு ஃப்யூஸ். மிக்சர் மோட்டாரின் சுவிட்சுக்குப் போகும் லைனில் இருப்பது. அது இல்லாவிட்டால் கார்டு என்ன சொன்னாலும் மோட்டார் ஓடாது.

"உள்ள ஆளு இருக்குல்ல" என்றார்.

"அதுக்குத்தான் புரோகிராம் இருக்குன்னு சொன்னேனே!"

"சொன்னீக."

"வெளக்கு அணைஞ்சிருந்தா மோட்டாருக்குக் கரண்டு போகாது. அது தெரியாதா உங்களுக்கு?"

"கார்டு நிறுத்தச் சொல்லிருச்சுன்னு தெரியும். உள்ள இருக்க ரிலே விலகுச்சான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒட்டிக்கிட்டா?"

"அதெல்லாம் ஒட்டாது."

"நீங்க கழட்டிட்டுப் போன கார்ட நோண்டிப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை. பட்டறையில் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டிருந்தேன். ஆனால் அதை அங்கே ஒப்புக்கொள்கிற மனநிலையில் நான் இல்லை. மெயினையே அணைக்கலாமே என்று கேட்டால், அப்படி அணைத்து வைத்ததற்குத்தான் முன்பே மேனேஜரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். கரண்டு வந்த பிறகும் ஆலை முழுக்க நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகுதான் யாருக்கும் தெரியாமல் இந்த ஒற்றை ஃப்யூஸ். பேச்சியம்மாள் வெளியே வந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, மூடியைச் சாத்தி, யாரும் பார்க்காத நேரம் வாய்த்த பின்தான் அதைத் திரும்பப் போடுவார். அதற்காகும் நேரம்தான் அந்தப் பத்து, பதினைந்து நிமிடம்.

மேனேஜர் அவரைக் காய்ச்சி எடுத்தார். நான் தடுக்கவில்லை. சொல்லப்போனால் மகிழ்ந்தேன். அடுத்த நாளே பேனலுக்குப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டுச் சாவியை மேனேஜர் கையில் கொடுத்தேன். ஒயர்மேன் தூரத்தில் நின்று அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தார். அது அன்று எனக்குத் திருட்டு முழி என்று பட்டது.

மூன்று வாரம் கழித்து, செக்கானூரணியில் வேறு வேலையாக நின்றபோது மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, ஒயர்மேன் ஒங்க பூட்ட ஒடச்சிட்டான். உடனே வாங்க."

கோபத்தில் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போய்ப் பார்த்தால் கரண்டு வந்துவிட்டிருந்தது. பூட்டு தரையில் கிடந்தது, பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பேனர். அவர் பேனலை மறித்துக்கொண்டு நின்றார். மிக்சருக்குள்ளிருந்து பேச்சியம்மாள் சுரண்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஓடிக்கிட்டு இருக்கப்பதான் கரண்டு போச்சு. அந்தப் புள்ள பாட்டுக்கு உள்ள எறங்கிருச்சு. சாவியக் கேட்டேன், குடுக்கல. கரண்டு வர்றதுக்குள்ள ஒடச்சு ஃப்யூஸ உருவிட்டேன்" என்றார் என்னிடம்.

"கொண்டாங்க ஃப்யூஸ."

"அந்தப் புள்ள வெளிய வரட்டும்."

"இங்க பாருங்கண்ணே." பேனலுக்குள் கார்டைக் காட்டினேன். கரண்டு வந்து கார்டு உயிரோடு இருக்கிறது. மூன்றாவது விளக்கு அணைந்திருந்தது. மேனேஜரும் எட்டிப் பார்த்தார். "வெளக்கு எரியல. மூடி தெறந்திருக்கு. யாரும் பட்டன அமுக்கல. இப்ப ஃப்யூஸப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டுறேன், குடுங்க!"

பிடுங்காத குறைதான். கையை அவர் சட்டைப் பைவரை கொண்டுபோய்விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

"போட்டுக் காட்டுங்க. மொதல்ல அது வெளிய வரட்டும்."

ஏணியில் ஏறி, "தாயி, மேல வா" என்று கூப்பிட்டார். "இன்னுங் கொஞ்சந்தேன் இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வான்னா வா!" அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பேச்சியம்மாள் முனகிக்கொண்டே, சுரண்டியை உள்ளேயே வைத்துவிட்டு ஏறி வந்தார். தலைமயிரெல்லாம் தவிடு. அவர் வெளியே வந்து நம் கண் முன்னால் நிற்கிறார். அப்படியும் இவர் டார்ச்சை எடுத்து மிக்சருக்குள் மூலை மூலையாக அடித்துப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்து ஃப்யூஸை என் கையில் வைத்தார்.

போட்டேன்.

படக்கென்று சுவிட்ச் இழுத்தது. மிக்சர் சுற்றியது.

விளக்கு எரியவில்லை. நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சுரண்டி தகட்டில் மாட்டி இடிபடும் சத்தம் காதைப் பிளந்தது. நிறுத்தும் பட்டனை அழுத்தினேன், நிற்கவில்லை. அதுவும் என் புரோகிராம் வழியாகப் போவதுதான். புரோகிராம் எப்போதோ நிறுத்தச் சொல்லிவிட்டது. கார்டுக்குள் ரிலே ஒட்டிக்கொண்டு, அதைக் கேட்கவில்லை. அவர் என்னைத் தள்ளிவிட்டு ஃப்யூஸை உருவினார். மிக்சர் நின்றது.

பேச்சியம்மாள் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் இந்நேரம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மோட்டார் சுவிட்சுக்கு நேராகக் கார்டிலிருந்து ஒயர் இழுத்தவன் நான். அந்தச் சின்ன உலோகத் துண்டுகள் அத்தனை பெரிய சுவிட்சைத் தட்டித் தட்டிப் பொறி பறந்து, ஒருநாள் உருகி ஒட்டும் என்று படித்தவன் நான். தாராளமாக இறங்குங்கள் என்று சொன்னவனும் நான். ஒயர்மேன் காலில் விழலாம் போலிருந்தது.

"அண்ணே, தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பேனலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இதே மாதிரி எத்தன எடத்துக்குக் கட்டிக் குடுத்திருக்கீக?"

மனதுக்குள் எண்ணினேன். திருமங்கலத்தில் மசாலா அரைக்கும் ஆலை. மேலூர்ப் பக்கம் இரண்டு. வாடிப்பட்டியில் ஒன்று. "இது போக ஒம்போது" என்றேன்.

"நேராத்தேன் இழுத்திருக்கீகளா?"

"ஆமா."

"அங்கயும் கரண்டு போனா உள்ள எறங்குவாகளா?"

எல்லா இடத்திலும் நான்தானே அதைச் சொல்லிக் கொடுத்தேன். போனை எடுத்தேன். முதல் நம்பரை அடித்தேன். திருமங்கலத்துக்காரர் எடுத்தார்.

"அண்ணே, மிஷினுக்குள்ள இப்ப யாராச்சும் இருக்காங்களா?"

"கரண்டு இல்ல தம்பி. ரெண்டு பேரு உள்ள கழுவிக்கிட்டு இருக்காங்க. ஏன்?"

"வெளிய வரச் சொல்லுங்க! உடனே வரச் சொல்லுங்க!"

அவர் யாரையோ கூப்பிட்டுக் கத்துவது கேட்டது. "சொல்லிட்டேன் தம்பி, என்ன விசயம்?" என்றார். நான் மூச்சு விட்டேன். சொல்லிட்டாராம் என்று ஒயர்மேனைப் பார்த்துச் சொன்னேன்.

"சொல்லிட்டாரா? வந்துட்டாகளான்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். வந்துவிடுவார்கள் என்றார் திருமங்கலத்துக்காரர்.

"போய்ப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் கண்ணால பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க."

சொன்னேன். அந்த முனையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் நடந்து போனார். ஒயர்மேன் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பேச்சியம்மாளும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "ரெண்டு பேரும் என் முன்னாடி நிக்கிறாங்க தம்பி. என்ன ஆச்சு?"

நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒயர்மேன் தலையாட்டினார்.

"இன்னும் எட்டு இருக்குல்ல. அடுத்ததுக்கு அடிங்க" என்றார்.